மகளின் அளவு

சித்திரை வெயிலில் தன்னாமுனை மாதர் சங்க மண்டபத்தின் தகரக்கூரை காய்ந்து சடசடக்கிறது. மூன்று நாள் பயிற்சி முடித்து வசந்தகாலப் பின்னல் நிபுணராகிவிட்ட உதயரூபன், கழுத்துப்பட்டி நனைய, புள்ளித் தாளால் விசிறிக்கொள்கிறார். மேசையில் சங்கப் பெண்கள் போட்டிக்குப் பின்னிய ஏழு கம்பளிச் சட்டைகள். வெல்லும் சட்டை வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்விடும். "வசந்தம் எண்டா என்ன சேர்?" என்கிறாள் புஸ்பம். "குளிர் குறையிற காலம்." "அப்ப எங்களுக்கு வருசம் முழுக்க வசந்தந்தான்." பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். கடைசிச் சட்டை றோசம்மாவுடையது, வாழைக்குருத்துப் பச்சை. "ஆரின்ட அளவு?" "மகள்ட." சிரிப்பு நின்றுவிடுகிறது. ஏழு வயதில் சுனாமியில் போன, உடல் கிடைக்காத மகளுக்கு றோசம்மா வருடந்தோறும் அளவைக் கூட்டிக் கூட்டிச் சட்டை பின்னுவது அங்கே உதயரூபனுக்கு மட்டுந்தான் தெரியாது. "உடுத்திக் காட்டினாத்தான் புள்ளி. மகள வரச் சொல்லுங்க." அந்த மகளோடு பள்ளிக்குப் போன தனுஷியா எழுந்து வந்து சட்டையை மாட்டிக்கொள்கிறாள். தோளும் கையும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. வாவிக் காற்று யன்னலால் வந்து பச்சை விளிம்பை அசைக்கிறது. றோசம்மா அவளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறாள், தோளைத் தொடுகிறாள். "அழகுக்கு ஐம்பது, உடுக்க வசதிக்கு ஐம்பது. இதுதான் வெளிநாட்டுக்குப் போகுது," என்கிறார் நிபுணர், வியர்வையைத் துடைத்தபடி. "இது இன்னும் முடியல்ல சேர்," என்கிறாள் றோசம்மா. "கொஞ்சம் நில்லு புள்ள." தனுஷியாவின் மணிக்கட்டருகே நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுக்கிறாள். சட்டையின் கை வரிவரியாக அவிழ்கிறது. தனுஷியா அசையாமல் நிற்கிறாள்.