ஆறாவது சிலிண்டர்

டொலீடோ நகரத்துப் பழைய கார் போட்டி. பின்பக்கம் மீன் துடுப்பு போல இறக்கை வைத்த டுவேனின் 1957 மாடல் கார் உறுமிக்கொண்டு நின்றது. நடுவர் வெல்டா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ஆறாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குது, தம்பி” என்றபடி நகர்ந்தாள்.

“காதைத் தீட்டிக்கிட்டு ஒழுங்காக் கேளுங்க!” என்று பின்னாலிருந்து கத்தினான் டுவேன். அவள் திரும்பவே இல்லை.

“என்னா திமிரு!” என்று முனகியபடி இன்ஜினை நிறுத்தி, ஆறாவது பிளக்கைக் கழற்றினான். கன்னங்கரேலென்று கரி பிடித்திருந்தது.

“எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?” என்று இன்னொரு நடுவரிடம் கேட்டான்.

“இன்ஜின் சோதனைக் கூடத்துல முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. அந்தச் சத்தத்துல ரெண்டு காதும் போயிடுச்சு, இப்ப எல்லாம் உள்ளங்கைல தெரியுற அதிர்வுதான். முகத்தைப் பார்த்துப் பேசுங்க, உதட்டை வச்சுப் புரிஞ்சுக்குவாங்க.”

டுவேன் ஓடிப்போய் அவள் எதிரில் நின்றான். “மன்னிச்சிடுங்கம்மா.”

“அட விடுப்பா. பிளக்கை மாத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு. இந்த இன்ஜின் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.”