கடைசி சீட்டு

"விட்டுட்டுக் கிளம்புங்க. நேத்தே பேசி முடிச்சதுதானே?" என்றார் மேனேஜர்.

ஆபீஸில் யாராவது ஒரு நிமிஷம் பிந்தினால் அரை நாள் லீவு போட்டுவிடுகிற மனுஷர் அவர். டூருக்குக் கிளம்பியபோது அந்தக் குணமும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது.

பதினாலு நாள், ஆறு நாடு, இருபத்திரண்டு பேர், ஒரே பஸ். ஒட்டகச் சவாரி, கண்ணாடிப் பாலம், ஆற்றில் படகு என்று நாலு நாட்டை முடித்தாயிற்று. முதல் நாளே மேனேஜர் எழுந்து நின்று ஒரு சட்டம் போட்டார்.

"யாரு கடைசியா பஸ் ஏறுறாங்களோ, அடுத்த ஊர் வரைக்கும் அவங்களுக்குக் கடைசி சீட்டு."

எல்லாரும் கை தட்டினார்கள். கைடும் தலையாட்டிவிட்டார்.

கடைசி சீட்டு பின் சக்கரத்துக்கு நேர் மேலே. ரோட்டில் இருக்கிற பள்ளமெல்லாம் உட்கார்ந்திருப்பவர் இடுப்பில்தான் இறங்கும்.

அதை நாலு நாடாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பை அக்கா. தனியாக வந்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கே இறங்கினாலும் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு போவார். எல்லாரும் ஏறி முடித்த பிறகுதான் வந்து சேருவார். கேட்டால் ஒரே பதில்.

"கடையில ஒரே கூட்டம். மன்னிச்சுக்குங்க."

"பை காத்தாடுதே, அக்கா?" என்று புதுப்பெண் ஒருத்தி கிண்டல் செய்வாள்.

"பேரம் படியலம்மா."

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்டவர் மேனேஜரின் அப்பா. இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். கண்ணைத் தரையில் வைத்தபடியே பத்தடி நடப்பார், நிற்பார், மறுபடி நடப்பார். பஸ் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்லவேளை, எனக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கு" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

மேனேஜர் எப்போதும் முன்னால் ஓடிவிடுவார். "நீங்க மெதுவா வாங்கப்பா. நான் நாலு படம் எடுத்துட்டுப் போய் சீட்டு பிடிக்கிறேன்." தனக்கு டிரைவர் பக்கத்து ஒற்றை சீட்டு. அப்பாவுக்கு அதற்குப் பின்னால், ஜன்னல் ஓரம்.

ஆனால் இன்றைக்கு விளையாட்டில்லை. பனிமலைக்குப் போகிற ரோப்கார் மூணு மணிக்குக் கடைசி டிரிப். நாளைக்கு வேறு நாடு. இந்த டூரில் அப்பா வாய் திறந்து கேட்டதே அது ஒன்றுதான். "பனியை ஒரு தடவை கையில அள்ளிப் பார்க்கணும்டா."

அதனால்தான் நேற்று சாப்பாட்டு மேஜையில் மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"கோட்டையைப் பார்த்துட்டு ரெண்டு மணிக்கு பஸ் எடுத்துடணும். யார் வரலேன்னாலும் விட்டுட்டுப் போறோம்." பை அக்காவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"சரிங்க தம்பி" என்றார் பை அக்கா.

இப்போது மணி இரண்டு ஐந்து. மேனேஜர் கேமராவில் கோட்டைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளோட ஷாப்பிங்குக்காக எங்கப்பா பனியைப் பார்க்காமப் போகணுமா? டிரைவர், எடுங்க."

கைடு ஒரு தரம் விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டு பேர் வரணும் சார்."

"ரெண்டு பேரா? இன்னொருத்தர் யாரு?"

கைடு, மேனேஜருக்குப் பின்னால் இருந்த சீட்டைக் கையால் காட்டினார். அதில் அப்பாவின் மப்ளர் மட்டும் இருந்தது.

மேனேஜர் கேமராவை மடியில் போட்டார். முன் கண்ணாடி வழியே பார்த்தார்.

தெருக்கோடியில் அப்பா வந்துகொண்டிருந்தார். சுவரில் கை ஊன்றி நின்றார். அவருக்குப் பத்தடி பின்னால் பை அக்காவும் நின்றார், ஒரு கடை வாசலில், எதையோ வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி. அப்பா நடந்தார். பை அக்காவும் நடந்தார். அப்பா மறுபடி நின்றார். பை அக்கா அடுத்த கடை வாசலில் நின்றுவிட்டார்.

மேனேஜர் இறங்கி ஓடினார். அப்பாவின் கையைப் பிடித்தார்.

"விடுடா, நான் என்ன குழந்தையா? எனக்கும் பின்னாடி ஒரு ஆள் வருது பாரு."

அப்பாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். "மூணுக்குள்ள போயிடலாம் சார்" என்றார் டிரைவர்.

பை அக்கா ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் பின்னால் போனார். அங்கே மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அது என் இடம்."

"இனிமே நான் இங்க உட்கார்றேன். நீங்க முன்னாடி அப்பா பக்கம் போங்கக்கா."

பை அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழக்கமான பதில்தான் வாயில் வந்தது.

"அது வந்து… கடையில ஒரே கூட்டம். மன்னிச்சுக்குங்க."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த ஊருக்கு அன்றைக்கு வார விடுமுறை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஷட்டர் இறங்கியிருந்தது.

"ஆமாக்கா, நானும் பார்த்தேன். சரியான கூட்டம்" என்றார், முன் சீட்டில் இருக்கிற அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி.