கென்னத்தின் சட்டை

சிறைவாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள் ரஃபேலும் ஜெனவீவும். அவள் மடியில் கென்னத்தின் நீலச் சட்டை, தேய்த்து மடித்தபடி இருந்தது.

"நம்மளப் பார்த்ததும் ஓடிட்டான்னா?"

"ஓடுனா இழுத்துட்டு வர்றேன். சும்மா இருலா." செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக் காய்த்துப்போன அவர் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

"கோவத்துல கைய நீட்டிடாதீங்க. எனக்கு அதான் பயம்."

"எனக்கும் அதான்."

கதவு திறந்தது. பிளாஸ்டிக் பையோடு ஒல்லியாக ஓர் இளைஞன் வெளியே வந்தான். இவர்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இருவரும் இறங்கி அவனிடம் போனார்கள்.

"அடிக்கணும்னா அடிச்சிருங்க அங்கிள். உங்க கென்னத்தைக் குத்திக் கொன்னவன் நான்தானே. எங்கப்பாவே என்னைத் தலைமுழுகிட்டாரு."

மகன் செத்த நாளிலிருந்து ரஃபேல் வீட்டு ஜெபத்தில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று கணீரெனத் தொடங்குவார்; தீமை செய்தவர்களை மன்னிக்கும் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வார். ஜெனவீவ்தான் அதைத் தனியாகச் சொல்லி முடிப்பாள்.

அவள் நீட்டிய சட்டையை வாங்கி அவன் தோளில் போட்டார்.

"வண்டியில ஏறுடா. சாயங்காலம் ஜெபத்துக்கு என் பக்கத்துல உட்காரு. அந்த வரி எனக்குத் தனியா வரமாட்டேங்குது."