ஒரே மூச்சில் எண்ணியவர்

1996இல் நான் பாறசாலையில் ஒரு சிறு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். ஒரு காலையில் பொழியூர் மீனவர் லூர்துதாசனை, கடும் மூச்சுத் திணறலோடு அவருடைய மனைவி பிலோமி அழைத்து வந்தார். திணறலை அளப்பதற்காக, ஒரே மூச்சில் எண்ணுமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம். நான்கோடு நின்றுவிட்டார். பிலோமி அழத் தொடங்கினார்.

ஆக்சிஜனும் மருந்து ஆவியும் கொடுத்த பிறகு மீண்டும் எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் நாங்கள் மகிழ்ந்தோம். நூற்றைம்பதில் டாக்டர் லேகா அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"போதும், இனி ஒரு மூச்சு எடுங்க," என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டரே, எண்ணட்டு! நாலுக்கு மேல போவாத்த மனுசனாக்கும்," என்று பிலோமி சிரித்தார்.

லூர்துதாசனும் புன்னகைத்தபடி எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் இருவரும் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார்கள். "இப்பம் இழுப்பே இல்ல சிஸ்டரே," என்றார் பிலோமி.

லூர்துதாசன் எங்களுக்காகக் கொண்டுவந்த அயிலை மீன் பொதியை அன்போடு என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு லெச்சத்துப் பதினோராயிரத்து எட்டு," என்றார். "ரெண்டு லெச்சத்துப் பதினோராயிரத்து ஒம்பது."