சில்லு வைத்த சீதனம்

வீட்டைத் தராசில் ஏற்றினார்கள்.

நிந்தவூர் அரிசி ஆலையின் முற்றத்தில், நெல் லொறிகளை நிறுக்கும் அகன்ற இரும்புத் தட்டின்மேல், அது தன் நான்கு ரப்பர்ச் சில்லுகளில் நின்றது. ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, பச்சை நிறத்தில் இரண்டு யன்னல்கள். மாப்பிள்ளை ஜவாத் கொக்கியைக் கழற்றி, தன் பிக்கப்பை மட்டும் தட்டிலிருந்து கீழே இறக்கி நிறுத்தினான்.

அந்தப் பிக்கப் இரண்டாயிரம் கிலோ இழுக்கும். அதற்கு மேல் பாரம் ஏற்றினால் மேட்டில் திணறும், பள்ளத்தில் பிரேக் கேட்காது.

வீடு அந்தக் கணக்குக்குள் அடங்கினால் கல்யாணம். அடங்காவிட்டால் இல்லை. மகளுக்கு வீடு கொடுப்பது இந்தக் கரையில் பெண் வீட்டாரின் கடமை. வீடில்லாத குமரைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

பெண்ணின் வாப்பா பதியுதீன் தராசின் எண் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து வீட்டை ஒட்டியது அவர்தான், ட்ராக்டர் பெட்டிகள் ஒட்டிப் பழகிய கை. யோசனை முழுக்க மனைவி ஹாஜறாவுடையது.

மகள் சஹ்லாவுக்கென்று கடலோர வளவில் போட்ட அத்திவாரத்தைக் கடல் தின்றுவிட்டது. ஊருக்குள்ளே காணி வாங்க வழியில்லை. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஹாஜறா சொன்னாள், கடல் வந்தால் வரட்டும், வீடு எழும்பிப் போகட்டும் என்று. கோடையில் கரை, மாரியில் தன் தம்பியின் வயலோரம்.

ட்ராக்டரால் இழுக்கலாம்தான். ஆனால் மாரி தொடங்கினால் ஊரிலுள்ள ட்ராக்டர்கள் எல்லாம் விதைப்பில் நிற்கும்; காலில் விழுந்தாலும் வராது. அதனால், மாப்பிள்ளை பேசப் போன இடத்தில் மற்ற உம்மாமார் தொழிலையும் குணத்தையும் விசாரிப்பார்கள், இவள் பிக்கப் எத்தனை கிலோ இழுக்கும் என்று விசாரித்தாள். ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற ஜவாத் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொன்னான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். ஹாஜறா, இழுத்துப் பார் என்று மூன்றாவது ஒன்றையும் சேர்த்துவிட்டாள்.

இப்போது மாப்பிள்ளையின் உம்மா மர்ஷூதா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். குனிந்து அச்சைப் பார்த்தாள். ஒட்டு ஒவ்வொன்றையும் போனில் படமெடுக்கும்படி இளைய மகள் சிபானாவிடம் கைகாட்டினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. குறை பிடிக்க வந்த சம்பந்தி சத்தம் போட்டாலாவது சமாதானம் சொல்லலாம் என்று பதியுதீனுக்கு இருந்தது.

தராசடியில் நின்ற ஜெஸீம், வழக்கம்போல, வெறும் வண்டி எத்தனை கிலோ என்று கேட்டான். நெல் நிறுத்தே பழகியவன். எதையாவது கழிக்காவிட்டால் அவனுக்குக் கணக்கு முடியாது.

“ஒண்டையும் கழிக்காதீங்க தம்பி. குமர் குடியிருக்கப் போற ஊடு, நிறைஞ்சபடியே நிறுங்க,” என்றாள் ஹாஜறா.

நிறைந்துதான் இருந்தது. சீதன வீட்டை வெறுமையாகக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். கட்டில், மெத்தை, காஸ் சிலிண்டர், தேங்காய்த் துருவலை, கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி. முன்பக்கம் கொஞ்சம் பாரம் இருந்தால்தான் ஓடும்போது பின்பக்கம் ஆடாது என்று பதியுதீன் சொன்ன அன்றே, அரிசி மூட்டையை அவள் முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டாள்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

இரண்டாயிரத்து நூற்று இருபது.

சஹ்லா ஜவாத்தைப் பார்த்தாள். ஜவாத் தன் பிக்கப்பைப் பார்த்தான், அது ஏதோ தன் பிள்ளை, சோதனையில் தவறிவிட்டது என்பதுபோல. குளியலறைக் கதவைக் கழற்றலாமா, கட்டில் பலகையை அறுக்கலாமா என்று பதியுதீனின் மனம் கிடந்து அடித்தது.

ஹாஜறா எதையும் கழற்றச் சொல்லவில்லை. வீட்டின் பக்கத்தில் குந்தி, தாங்கியின் குழாயைத் திறந்துவிட்டாள்.

“தண்ணி போற இடத்திலயும் கிடைக்கும்,” என்றாள்.

தண்ணீர் தட்டின் விளிம்பால் வழிந்து மண்ணில் ஓடியது. எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. இரண்டாயிரத்து நூறு. இரண்டாயிரத்து அறுபது. ஜெஸீம் மீன் ஏலம் கூறுகிறவனைப் போலச் சத்தமாக வாசித்தான், இங்கே மட்டும் விலை இறங்க இறங்க எல்லார் முகமும் மலர்ந்தது. இரண்டாயிரம் தாண்டியபோது சஹ்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பதில் எண் நின்றது.

அல்ஹம்துலில்லாஹ் என்று பதியுதீன் முணுமுணுத்தார். சேலைக் கரை நனைய எழும்பி நின்ற மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் இவளை நான் சரியாக நிறுத்துப் பார்க்கவில்லையே என்று நினைத்தார். பெருமையில் அவருக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் மர்ஷூதா நேரே ஹாஜறாவை நோக்கி வந்தாள். பதியுதீன் அவசரமாக மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

மர்ஷூதா ஹாஜறாவின் ஈரக் கையைப் பிடித்தாள். ஜெஸீமுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாரியில எங்கட வளவும் கடலோட போயிட்டு மதினி. வெளியில சொல்லல்ல. சிபானாக்குப் பேசியிருக்கிற பொடியன்ட்ட த்ரீவீல்தான் இருக்கு. அது இழுக்கிற மாதிரி ஒண்டு செய்யலாமா?”

ஹாஜறா சிரிக்கவில்லை. அந்தத் த்ரீவீலை நாளைக்குக் கொண்டுவரச் சொன்னாள்.