எல்லாம் மேட்ச்

“இந்தப் பட்டன் என் சட்டைக்கு மேட்ச் ஆகலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்கல்ல?”

வாடிக்கையாளர் கேட்டது பட்டன் கடைக்காரியின் காதில் விழவே இல்லை. கையில் ஆஸ்பத்திரிக் கவரோடு அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை கடைப்படி ஏறிக்கொண்டிருந்தார். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அடித்துக்கொள்ளாதா பின்னே? வயது முப்பத்தெட்டு. எந்தத் துணிக்கு எந்தப் பட்டன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், தனக்குத்தான் ஒன்றும் அமைந்தபாடில்லை. குள்ளம் என்றான் ஒருத்தன், பல் எடுப்பு என்றான் இன்னொருத்தன். “இன்னும் எத்தனை வருஷம் இங்கேயே டேரா?” என்று அண்ணி வேறு தினமும் குத்திக்கொண்டிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் அந்த வீட்டில் அவளால் தலைநிமிர முடியாது.

இவரோ குள்ளத்தையும் பார்க்கவில்லை, பல்லையும் பார்க்கவில்லை. அக்காவோடு பெண் பார்க்க வந்தவர், அண்ணி நீட்டிய டீயைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

“தண்ணியே நான் அளந்துதாங்க குடிப்பேன்” என்றார்.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

“ஐயையோ, வெறும் பச்சத் தண்ணியச் சொன்னேங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கட்டுப்பாடான மனுஷன் என்று இவளுக்கு ஒரே பெருமை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட். இந்தக் காலத்துல எல்லாரும் எடுக்கறதுதான்.”

நாலு குழாய் ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குத்தான் ரிசல்ட்.

“என்னங்க ஆச்சு?” என்றாள்.

“எல்லாம் மேட்ச்!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அடுத்த வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடலாம்.”

“இவ்வளவு அவசரமா?”

“இனிமே ஒரு நாள்கூட என்னால காத்திருக்க முடியாதும்மா.”

அடேயப்பா, நம்மேல் இத்தனை ஆசையா! வெட்கம் பிடுங்கித் தின்றது. வாடிக்கையாளரைச் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, தலை வாரிக்கொள்ள உள்ளே ஓடினாள். அண்ணி முகத்தில் ஈயாடாது இன்றைக்கு.

திரும்பி வந்தபோது அவர் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாக்கா, பொண்டாட்டி குடுக்கறான்னா ஆஸ்பத்திரில ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. ஒன்பது பொண்ணு பார்த்ததுல இவ கிட்னி ஒண்ணுதான் மேட்ச்!”