கைச்சாடை

கதவின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. அதற்குள் சிக்னல்காரனின் வலது கை தெரிந்தது. உள்ளங்கையை விரித்து அப்படியே நிறுத்தியிருந்தான்.

பொறு என்று அர்த்தம்.

கிரேன்காரிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நீதிமன்ற வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பெஞ்சில் நாலு வயது வாண்டு காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே தன் பேச்சுதான் நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் அவள் கணவன் கொத்தனார் மட்டும் வக்கீலோடு போயிருந்தான். வியர்வையில் சட்டை ஒட்டிய அவன் முதுகு ஓரமாகத் தெரிந்தது.

சத்தம் ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை. அதனால் என்ன? உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கும் சிக்னல்காரனின் கையைப் பார்த்துத்தான் அவள் வருஷக்கணக்காக இரும்பு தூக்குகிறாள். பகலில் அந்தக் கை பொய் சொன்னதில்லை.

காலையில் அவனே சொல்லிவிட்டான்: “நீ புள்ளையோட வெளிய நில்லுக்கா. நான் கையில சொல்றேன்.”

பெற்றவனுக்குப் பிள்ளைமேல் இருக்கும் உரிமையை அறுப்பதா, வேண்டாமா? இன்றைக்குத் தீர்ப்பு. அறுத்தால் அறுத்ததுதான், திரும்ப ஒட்டாது. அப்புறம் வாண்டு இவர்களுடைய பிள்ளை.

பெற்றவன் கெட்டவன் இல்லை. பொழுது சாய்ந்தால் மனுஷனாக இருக்கமாட்டான், அவ்வளவுதான். பெண்டாட்டி செத்த கையோடு, பாலுக்கு அழுத கைக்குழந்தையைத் தகரக் கொட்டகையில் பூட்டிவிட்டுக் குடிக்கப் போனவன். கிரேன்காரிதான் பூட்டை உடைத்துத் தூக்கி வந்தாள். அன்றைக்குத் தோளில் சாய்ந்த பிள்ளை இன்னும் இறங்கவில்லை.

போன வாய்தாவிலும் அதற்கு முந்தின வாய்தாவிலும், திருந்திவிடுகிறேன் என்று அவன் அழுதான். நீதிபதியும் அவகாசம் கொடுத்தார்.

இன்றைக்கும் அழுதால்?

கண்ணாடியில் விரல்கள் சட்டென்று மடங்கின. இறுகிய முஷ்டி.

நிறுத்து!

மறு நொடி கையையும் காணோம், ஆளையும் காணோம். மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். மூச்சுப் பட்டு மங்கியது. சட்டைக் கையால் துடைத்தாள். மறுபடி மங்கியது.

“ஏம்மா, கதவோட சேத்து உள்ள விழுந்துடாத” என்றார் காவலர்.

வாண்டு வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. “யாரும்மா அந்த மாமா? கையாலயே பேசுறாரு.”

“எங்கூட வேல செய்யிறவரு. நீ பிஸ்கட்டத் தின்னு.”

கை வந்துவிட்டது! சுட்டுவிரல் கீழே பார்த்து மெதுவாகச் சுற்றியது. இறக்கு... மெதுவா... இன்னும் கொஞ்சம்... அவள் கைகள் தாமாகவே இல்லாத நெம்புகோலைப் பிடித்து இழுத்தன. உள்ளங்கை தரைக்கு நேராகப் படுத்தது. தொட்டாச்சு.

பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துப் பிடித்தான்.

முடிந்தது. கொக்கியைக் கழற்றலாம்.

“ஏய், என் தங்கமே!” என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். காவலர் வாயில் விரலை வைத்து அதட்டினார். யார் கேட்டது?

கதவைத் தள்ளிக்கொண்டு கொத்தனார் வந்தான். மூட்டை சிமென்ட்டை ஒற்றைத் தோளில் ஏற்றுகிற ஆள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அவள் முதுகில் ஒன்று வைத்ததும்தான் மூச்சே விட்டான். பிள்ளையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினான். அது கெக்கெக்கே என்று சிரித்தது.

அவன் பின்னாலேயே சிக்னல்காரனும் வந்தான். டவாலிக்காரர் வாசலில் குறுக்கே கையை நீட்டினார்.

“பெத்தவரு இந்தப் பக்கம் வரக்கூடாதுங்க. புள்ள நிக்குது. பின்வாசல்ல போயிடுங்க.”

“சரிங்க” என்று சிக்னல்காரன் திரும்பினான்.